யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி

இரண்டு சதுரங்கள்.
விளிம்போடு விளிம்பு தைத்து
உள்ளே அழுத்தம் மூன்று என்று கொடுத்தேன்.
நாற்பதாவது பிரேமுக்குள்
எண்ணெயில் விட்ட பூரி மாதிரி
எழும்பி நின்றது குஷன்.

காலடிப்பேட்டை, இரண்டாவது மாடி, மே மாதம்.
ஒரே டேபிள் ஃபேனை
நானும் கணினியும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.
அதற்குத்தான் பெரிய பங்கு.

லினன் என்றால் வளைய மறுக்க வேண்டும்.
வெல்வெட் யோசித்து மடிய வேண்டும்.
பருத்தி சொன்ன பேச்சு கேட்கும்,
ஆனால் ஒரு சுருக்கத்தையும் மறக்காது.
எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
புவியீர்ப்புக்கும் உண்டு,
அதில் மட்டும் நான் கை வைப்பதில்லை.

முதல் நாள்
குஷன் சோபாவுக்குள் புகுந்து
தரையைத் தாண்டி
கீழே, இன்னும் கீழே,
போய்க்கொண்டே இருந்தது.
மோதலுக்கு டிக் போட மறந்திருந்தேன்.
மறுநாள் தன் மூலையாலேயே
தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டது.
மூன்றாம் நாள் கரண்ட் போனது,
இருநூற்றுப் பன்னிரண்டாவது பிரேமில்,
விழுந்து முடிக்காமல்.

மொட்டைமாடிக்குப் போனேன்.
கொடியில் யாருடைய நைட்டியோ
கடல்காற்றுக்கு வீங்கி, சுருங்கி, சுற்றிக்கொண்டு
ஒரு பிழையும் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.
பொறாமையாக இருந்தது.

ஐந்தாம் நாள் அனுப்பிவைத்தேன்.
டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் எழுதினார்:
அழகு. அதுதான் சிக்கல்.
யாரோ உட்கார்ந்து
இப்போதுதான் எழுந்துபோன மாதிரி வேண்டும்.

வீடு முழுக்கத் தேடினேன்.
பிளாஸ்டிக் நாற்காலிகள்
எவரையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.
பாயோ தன் கோடுகளை நம்மேல் பதிக்குமே தவிர
நம்மைத் தன்மேல் பதிய விடாது.

கீழே நின்றது தேசிங்கு அண்ணனின் ஆட்டோ.
டிரைவர் சீட்டில் பதினோரு வருடம்,
இடப்பக்கம் ஒரு பள்ளம்,
வலப்பக்கம் மெத்தை மேடு,
நடுவில் ரெக்சின் வெடித்து
எட்டிப் பார்க்கும் மஞ்சள் ஸ்பாஞ்ச்.
பள்ளத்திலிருந்து ஓரத்துக்கு
விசிறி போல் பிரிந்தன
ஏழு சுருக்கங்கள்.

"இன்னாத்துக்கு பெனினா சீட்ட போட்டோ புடிக்கிற?"
"வெளிநாட்டு சோபாக்குண்ணா."
"வாடக குடுப்பானா?"
"வெயிட் எவ்ளோண்ணா?"
"சாப்டதுக்கு முன்னயா, பின்னயா?"

பின்னால் என்றே வைத்துக்கொண்டேன். எண்பத்திரண்டு.
முகமில்லை, கையில்லை,
இடுப்பும் தொடையும் மட்டும் கொண்ட ஒரு மொத்தை,
இடப்பக்கம் நான்கு டிகிரி சாய்வு.
குஷன்மேல் இறக்கினேன்.
அறுபது பிரேம் உட்கார வைத்தேன்.
எழுப்பினேன்.
பிறகு ரெண்டரில் மறைத்தேன்.
அதுதான் முறை:
மோதும் உடல் கணக்கில் இருக்கும்,
படத்தில் இருக்காது.

எண்ணூர் நெடுஞ்சாலையில்
டிரெய்லர்கள் போகப்போக மேசை அதிர்ந்தது.
விடிவதற்குள் படம் வந்துவிட்டது.
வெள்ளைச் சுவர், நீளமான ஜன்னல்,
மர நிறத்தில் ஒரு குளிர்கால வெயில்,
சாம்பல் லினனில் ஏழு சுருக்கங்கள்.
ஹென்ரிக் ஒற்றைச் சொல் அனுப்பினார்: இவர்தான்.
யாரென்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஆட்டோவுக்கு எஃப்சி.
பழைய சீட்டைப் பிய்த்தெறிந்து
சிவப்பு ரெக்சின், புது ஸ்பாஞ்ச்,
ஓரமெல்லாம் வெள்ளைத் தையல்.
மேளத்தோல் போல இறுகி நின்றது,
என் முதல் நாள் குஷன்களில் ஒன்று.

ஏறி உட்கார்ந்த அண்ணன் வழுக்கினார்.
"இன்னும் செட் ஆவல."
"எவ்ளோ நாளாவும்ணா?"
"ரெண்டு மாசம். மழ வந்தா சீக்கிரம்."

நொடிக்கு இருபத்துநான்கு.
மனக்கணக்கு போட்டுக்கொண்டிருக்கும்போதே
டோல்கேட் பக்கம் யாரோ கை காட்ட,
கிக்கரை இழுத்து
இடப்பக்கம் நான்கு டிகிரி சாய்ந்து
போய்விட்டார்.